ஆழம் மட்டும் பாத்தா பத்தாது மாப்ள

மாப்ள,

பாப்பா பிளஸ் டூ முடிச்சிட்டான்னு கேட்டு ரொம்ப சந்தோஷம்டா. அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவால்ல, உன்னைத்தான் அடிக்கடி கேக்குறாங்க.

நீ கேட்ட விஷயத்துக்கு வரேன், ரெண்டு ஸ்டீல் ராட், ரெண்டுலயும் கிராக் (விரிசல்) ஆழம் ஒண்ணு தான், அப்புறம் ஏன் ஒண்ணு மட்டும் சீக்கிரம் உடைஞ்சதுன்னு. கிராக் எந்த ஷேப்ல உள்ள போயிருக்குன்னு பாக்கணும்டா. உருண்டை ராட்ல மேல இருக்கிற சின்ன குழியில கிளம்புற ஃபடீக் கிராக் (லோடு திரும்பத் திரும்ப ஏறி இறங்குறதால மெல்ல வளர்ற விரிசல்) மொதல்ல கிட்டத்தட்ட அரைவட்டமா இருக்கும், வளர வளர அதோட முன்விளிம்பு தட்டையாகி நேர்கோடு மாதிரி ஆகிடும். ஆழம் கம்மியா இருக்கிறப்ப ஸ்ட்ரெஸ் இன்டென்சிட்டி, அதாவது கிராக் முனையில ஸ்ட்ரெஸ் எவ்வளவு குவியுதுங்கிற அளவு, அதோட ஃபார்முலால போடுற ஷேப் ஃபேக்டர் (வடிவத்துக்கான பெருக்கல் எண்) நேர்கோட்டு கிராக்குக்கு சுமார் 1.12, அரைவட்டத்துக்கு அடிப்பகுதியில 0.66 தான். அதே ஆழம், அதே லோடு, ஆனா ஸ்ட்ரெஸ் இன்டென்சிட்டி 1.7 மடங்கு! அரைவட்டத்துக்கு ரெண்டு பக்கமும் முழு ஸ்டீல் நின்னு லோடை வாங்கிக்குது, நேர்கோட்டுக்கு அந்தத் துணை கிடையாது.

அப்புறம் கிரிப், அதாவது இழுக்கிறப்ப ராட் முனையை எப்படிப் பிடிச்சிருக்குங்கிறது. ஒரு பக்கம் மட்டும் கிராக் இருந்தா மிச்ச ஸ்டீலோட சென்டர் தள்ளிப்போயிடும், முனை ஃப்ரீயா திரும்புற மாதிரி பின் போட்டு இழுத்தா ராட் வளைஞ்சு கிராக்கை இன்னும் திறக்கும், இறுக்கிப் பிடிச்ச கிரிப்னா அந்த வளைவைத் தடுக்கும். கிராக் ஆழமாக ஆக இந்த வித்தியாசமும் பெருசாகும். எந்த கிரிப்னு ரிப்போர்ட்ல எழுதாமலே விடுறாங்க, எனக்கு அதுல தான் கோவம்.

உங்க சைட்டுக்கு வர்ற ப்ரீஸ்ட்ரெஸ் வயர் (கான்கிரீட்டை அழுத்திப் பிடிக்க இழுத்து வைக்கிற ஸ்டீல் கம்பி) இன்னும் தனி கதை. இழுத்து இழுத்து மெலிய வச்சதால உள்ள இருக்கிற பியர்லைட் (ஸ்டீலுக்குள்ள இருக்கிற மெல்லிய அடுக்கு அமைப்பு) அடுக்கெல்லாம் வயர் நீளத்துக்கே படுத்திருக்கும், அதனால குறுக்க போற கிராக் பல நேரம் திரும்பி நீளவாக்குல பிளக்கும். ஸ்டாண்டர்டு டெஸ்டுக்கு ஸ்பெசிமன் வெட்டவும் முடியாது, டஃப்னஸ் (கிராக் பரவாம தாங்குற திறன்) 100 MPa√m, யீல்டு (நிரந்தரமா நீள ஆரம்பிக்கிற ஸ்ட்ரெஸ்) 1500 மெகாபாஸ்கல்னு வச்சுக்கிட்டா கூட சுமார் 11 மிமீ தடிமன் வேணும், வயரே 5 மிமீ தான். அப்ப வயரை வயராவே நாட்ச் (சின்ன வெட்டு) போட்டுத் தான் டெஸ்ட் பண்ணணும்.

'கிராக் 2 மிமீ தானே'ன்னு உங்க ஆளு சொன்னார்னு எழுதியிருந்தே. 1967 டிசம்பர் 15 அன்னைக்கு அமெரிக்காவுல ஓஹையோ ஆத்து மேல இருந்த சில்வர் பிரிட்ஜ் விழுந்து 46 பேர் செத்தாங்க, ஒரே ஒரு ஐபாரோட (முனையில துளை உள்ள, பாலத்தைத் தாங்குற ஸ்டீல் பட்டை) துளை ஓரத்துல இருந்த சுமார் 2.5 மிமீ கிராக் தான் ஆரம்பம். இதை அவர்கிட்ட கண்டிப்பா சொல்லு.

உடைஞ்ச துண்டு ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு சேத்து வச்சுப் பாக்காதீங்க, உடைஞ்ச முகம் நசுங்கிடும். பக்கத்துல ஸ்கேல் வச்சு நேரா ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா, கிராக் எங்க வரைக்கும் மெல்ல வளர்ந்திருக்குன்னு அதுலயே தெரியும்.