பாசிக்கு யூரியா வேண்டாம், அப்பா

கியோட்டோ,
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மா, ஆச்சி, தம்பி எல்லோரும் நலம்தானே? குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று தம்பி சொன்னான். இங்கேயும் மழைதான். ஜூன் தொடக்கத்தில் பிடித்தால் ஜூலை நடுவில்தான் விடும். துணி காய மாட்டேன் என்கிறது, செருப்பில் பூஞ்சணம் பூக்கிறது, அரிசி டப்பாவைத் திறந்தால் ஈரவாடை. தோட்டம் மட்டும் சந்தோஷமாக இருக்கிறது.

அந்தத் தோட்டத்துப் படத்தைப் பார்த்துவிட்டுத்தானே, "முத்தம் பூரா பாசி புடிச்சுக் கெடக்கே, புள்ள வழுக்கி விழுந்துறப்போறான், பிளீச்சிங் பவுடர் வாங்கித் தூவு" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டீர்கள்? நான் சிரித்த சிரிப்பில் உங்கள் மாப்பிள்ளை என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். அப்பா, அந்தப் பாசியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டதால்தான் இந்த வீடே எங்களுக்குக் கிடைத்தது. போனில் விளக்கினால் பேரன் பாதியில் பிடுங்கிக்கொள்வான். அதனால் எழுதுகிறேன்.

ஊருக்கு வடகிழக்கே ஹியே மலை அடிவாரத்தில் இருக்கிறோம். பழைய மரவீடு. வெளிநாட்டுக்காரர் என்றதும் வீடு காட்டும் தரகரின் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கிய பட்டியலில் கடைசியாக இருந்தது இது. வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல், பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். நாங்கள் பார்க்கப் போன அன்று சமையலறையைக்கூடக் காட்டவில்லை, நேரே பின்பக்கம் அழைத்துப்போய்த் தோட்டத்தைத்தான் காட்டினார். அவர் கணவர் வளர்த்தது. இப்போது இவருக்கு முழங்கால் மடங்காது. களையெடுக்கக் குந்தி உட்கார முடியவில்லை என்று சைகையில் சொன்னார். நான் அங்கேயே குந்தி உட்கார்ந்து இரண்டு புல்லைப் பிடுங்கிக் காட்டினேன். வீடு எங்களுக்கு என்று முடிவானது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அம்மாவோடு வயலில் களையெடுத்தது கியோட்டோவில் வந்து கைகொடுக்கும் என்று யார் கண்டது?

அன்றிலிருந்து அவர் திண்ணையில் உட்கார்ந்து விரலை நீட்டிக்கொண்டே இருப்பார், நான் பிடுங்கிக்கொண்டே இருப்பேன். எனக்கு ஜப்பானிய மொழி வந்ததில் பாதி இந்தத் தோட்டத்தில்தான்.

இந்தப் பாசியை ஓசுகிகோகே என்கிறார்கள். கியோட்டோ தோட்டங்களில் பெரும்பாலும் இதுதான். விரல் நீளத் தண்டு, அதைச் சுற்றி ஊசி ஊசியாக இலை. மேலே நின்று பார்த்தால் நம் நாற்றங்கால் மாதிரிதான் இருக்கும். ஆனால் வேர் கிடையாது. அடியில் பழுப்பு நிறத்தில் மெல்லிய இழைகள் இருக்கின்றன, அவற்றின் வேலை மண்ணைப் பிடித்துக்கொள்வதுதான். தண்ணீரைப் பெரும்பாலும் இலையாலேயே குடிக்கிறது. வெயிலில் இரண்டு நாள் காய்ந்தால் இலையெல்லாம் தண்டோடு ஒட்டி மடங்கி, தோட்டமே செத்துப்போன மாதிரி பழுப்பாகிவிடும். தண்ணீர் தெளித்தால் சில நிமிடங்களில், கண் முன்னாலேயே, விரிந்து பச்சையாகும். பேரன் இதை மந்திரம் என்று நம்புகிறான், தினமும் ஒருமுறை செய்துகாட்டச் சொல்கிறான். நம் கிணற்றுச் சுவரில் சித்திரையில் கறுத்துக் கிடக்குமே மெத்தென்ற பாசி, அதன்மேலும் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். அதுவும் விரியும்.

இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. வசந்தத்தில் ஆண் செடியின் உச்சியில் சின்னக் கிண்ணம் போல் ஒன்று விரியும். நான் பூ என்றேன், ஆச்சி சிரித்தார். (வீட்டுக்கார அம்மாவைத்தான் சொல்கிறேன். நம் ஆச்சியிடம் இதைப் படிக்க வேண்டாம், கோபித்துக்கொள்வார்.) அந்தக் கிண்ணத்தில் மழைத்துளி விழுந்து தெறிக்கும்போதுதான் ஆணிலிருந்து பெண்ணுக்குப் போய்ச் சேருகிறதாம். காற்றும் வண்டும் செய்கிற வேலையை இங்கே மழை செய்கிறது. பிறகு பெண் செடியிலிருந்து நீளமாக ஒரு காம்பு எழும்பி, நுனியில் ரோமத் தொப்பி போட்ட ஒரு சின்ன உறை வரும். விதை மாதிரி அதிலிருந்து தூள் பறக்கும்.

அடுத்து நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். உரம். ஒன்றும் போடக்கூடாது அப்பா. யூரியா கூடாது, சாணி கூடாது, அடுப்புச் சாம்பல் கூடவே கூடாது. மழையிலும் தூசியிலும் வருவது இதற்குப் போதும். உரம் போட்டால் இலை கருகும், பக்கத்தில் இருக்கிற புல்தான் கொழுக்கும். மண் கொஞ்சம் புளிப்பாக இருக்க வேண்டும், சுண்ணாம்பு ஆகாது. தண்ணீரும் தேங்கக்கூடாது. அதனால்தான் தரையைச் சமமாக விடாமல் அங்கங்கே மேடாக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தால் ஒரு வாரத்தில் கை அரிக்க ஆரம்பித்துவிடும், எதையாவது போட்டே தீருவீர்கள். வந்தால் உங்கள் மேல் ஒரு கண் வைத்திருப்பேன்.

கொடுக்க ஒன்றும் இல்லை என்றால் வேலை இல்லை என்று அர்த்தமில்லை. எடுக்கிற வேலைதான் முழுக்க. களை தினமும் எடுக்க வேண்டும். இடது கை விரல்களால் பாசியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் களையை வேரோடு இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாசியும் பெயர்ந்து வந்துவிடும். மழை பெய்த மறுநாள் சுலபமாக வரும். பாசிமேல் மிதிக்காமல் கல்லில்தான் நடக்க வேண்டும், நடுவில் போக வேண்டுமானால் ஒரு பலகை போட்டு அதன்மேல் குந்த வேண்டும். சிதோமெகுசா என்று ஒரு களை, வட்ட வட்டமாகக் குட்டி இலை, கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும். முதலில் பார்த்தபோது வல்லாரை என்று நினைத்து, துவையலுக்கு ஆயிற்று என்று சந்தோஷப்பட்டேன். வல்லாரைக்குத் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் அதைவிட ரொம்பப் பொடிசு. ஆச்சிக்கு அதைக் கண்டாலே ஆகாது. அதைவிட ஆகாதது செனிகோகே, தட்டையாகத் தரையோடு படரும் இன்னொரு பாசி வகை. ஒரு பாசியைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர் இன்னொரு பாசியைக் கரண்டியால் சுரண்டிக் குப்பையில் போடுகிறார்!

மழைக்காலம் முடிந்ததும்தான் கஷ்டம். கியோட்டோவுக்கு மூன்று பக்கமும் மலை, காற்று வராது, ஆகஸ்டில் 37, 38 டிகிரி சாதாரணம். அப்போது நடுப்பகலில் தண்ணீர் விட்டால் அந்தத் தண்ணீரே சூடாகிப் பாசியை அவித்துவிடும். விடியற்காலையில் விட வேண்டும், இல்லையென்றால் வெயில் இறங்கிய பிறகு. நவம்பர் கடைசியில் மேப்பிள் இலை சிவந்து கொட்டும். ஊரே அதைப் பார்க்க வருகிறது, எனக்கோ பெருக்குகிற கவலை. நனைந்த இலை பாசிமேல் கிடந்தால் வெளிச்சம் மறைந்து அடியில் மஞ்சளாகிவிடும். அதற்கென்று மென்மையான சின்னத் துடைப்பம், பாசி பெயராமல் மேலோடு தடவ வேண்டும். குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கிற ஈரம் இரவில் ஊசி ஊசியாக உறைந்து பாசியை மேலே தூக்கிவிடும். வெயில் வந்து உருகியதும் உள்ளங்கையால் அமுக்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் அடியில் இடைவெளி விழுந்து காய்ந்துபோகும். தேநீர்ச் சடங்கு நடக்கும் தோட்டங்களில் குளிருக்குப் பாசிமேல் பைன் ஊசியிலையைப் பரப்பி வைப்பார்கள். பறவைகள் தனிக்கதை. புழுவைத் தேடிப் பாசியைக் கொத்துக் கொத்தாகப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். காலையில் எழுந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க வேண்டும்.

சொட்டையாகிப்போன இடத்துக்கு விதைப்பும் உண்டு. நீங்கள் கேட்டால் நம்ப மாட்டீர்கள், காய்ந்த பாசியைக் கையால் கசக்கித் துண்டு துண்டாக்கி, விதைநெல் தூவுவதுபோல் தூவி, மேலே கொஞ்சம் மண் சலித்துப் பலகையால் தட்டிவிடுகிறோம். ஒவ்வொரு துண்டும் முளைக்கும். ஆனால் மூடுவதற்கு ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும். இதற்குப் பொறுமையில்லாதவர்களுக்காகத் தட்டில் வளர்ந்த பாசியைப் பாய் மாதிரி கடையில் விற்கிறார்கள். போன மார்ச்சில் மேப்பிள் அடியில் தூவியது இப்போதுதான் அங்கங்கே பச்சை காட்டுகிறது.

பாசிக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது, ஊருக்கு மேற்கே, சைஹோஜி. ஏறத்தாழ 120 வகைப் பாசி இருப்பதாகச் சொல்கிறார்கள். 1339-இல் முசோ சோசெகி என்ற ஜென் துறவி அந்தக் கோயிலைப் புதுப்பித்தார். அவர் காலத்தில் இந்தப் பாசி கிடையாது, பராமரிக்க வழியில்லாமல் கிடந்த பிற்காலத்தில் தானாகப் படர்ந்தது என்கிறார்கள். 1994-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. நினைத்தவுடன் போக முடியாது. கூட்டம் மிதித்துக் கெடுக்கிறது என்று 1977 முதல் முன்பதிவு செய்தவர்களை மட்டும்தான் விடுகிறார்கள். நாங்கள் தபால் அட்டையில் எழுதிப் போட்டு, பதில் அட்டை வந்த பிறகு போனோம். முதலில் தூரிகையால் மந்திரம் எழுத வைத்தார்கள். உங்கள் மாப்பிள்ளைக்குக் கால் மரத்துப்போய் எழுந்திருக்கவே முடியவில்லை. எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது பெருக்குகிற ஆட்கள். எல்லோரும் பாசியைப் படம் பிடித்தார்கள், நான் அவர்கள் துடைப்பம் பிடிக்கிற விதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். தொஃபுகுஜி என்று இன்னொரு கோயில், அங்கே பாசியும் சதுரக் கல்லும் சதுரங்கக் கட்டம் போல. 1939-இல் மிரெய் ஷிகெமோரி அமைத்தது, கோயிலில் பெயர்த்தெடுத்த பழைய தளக்கற்களையே திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார். உங்களுக்கு அதுதான் பிடிக்கும், எதையும் தூரப் போட மாட்டீர்களே.

மற்றபடி வாழ்க்கை ஓடுகிறது. எனக்கு இருக்கும் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் காய்கறி பேக்கிங். முள்ளங்கி நம் முழங்கை நீளம் இருக்கிறது, சாம்பாரில் போட்டால் கரைந்தே போகிறது. பேரன் நர்சரியில் நன்றாகப் பேசுகிறான், எனக்குத்தான் அவன் பேச்சு சில சமயம் புரியவில்லை. போன வாரம் ஆச்சி பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் என்னைக் காட்டி "எங்கள் வீட்டுத் தோட்டக்காரி" என்றாராம். சம்பளம் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். வாடகையில் கொஞ்சம் குறைத்தாலும் சரிதான்.

அம்மாவின் கண் ஆபரேஷனை ஆடிக்குள் முடித்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். மோட்டார் ரிப்பேருக்கும் சேர்த்துத் தம்பி கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். காயில் கட்டுவதா புது மோட்டாரா என்று நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள், அவனை விட்டால் விலை கூடியதைத்தான் வாங்குவான். அப்புறம், காய்ந்த கறிவேப்பிலையும் சுண்டைக்காய் வற்றலும் யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்