ஜூன் மாதத்துக்குக் கணக்குப் போடு

அன்புள்ள அம்மாடி,

நாங்கள் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்ற சேதியெல்லாம் அப்புறம் எழுதுகிறேன், முதலில் வேனைப் பற்றி.

வேனுக்குள் சோலார் கரண்ட் போட நீ அனுப்பிய பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். 45 வாட் பிரிட்ஜ் பாதி நேரம் ஓடினால் நாளைக்கு 540 வாட்-அவர். மடிக்கணினி 60 வாட், ஆறு மணி நேரம், 360. கூரை மின்விசிறி 240. லைட், தண்ணீர் மோட்டார், போன் எல்லாம் சேர்த்து 100. ஆக மொத்தம் 1,240. நீ வாங்கப் போகிற 200 வாட் சோலார் பேனல் ஜனவரியில் நாளைக்கு 900 வரை கொடுக்கும். ஜூனில்? உன் மெல்போர்னில் அப்போது குளிர்காலம், முழு வெயில் கணக்கில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது. இழப்பெல்லாம் போக 300 தேறும். நம்ம திருநெல்வேலியில் ஆனி மாதம் உச்சிச் சூரியன் 75 டிகிரி உயரத்தில் நிற்கும். உனக்கு 29 டிகிரிதான், அதுவும் வடக்கே சாய்ந்து. படுக்கையாகக் கிடக்கிற கூரைப் பேனலில் அந்த வெயில் சரிவாகத்தான் விழும்.

சனி, ஞாயிறு சுற்றுவதற்கு என்றுதான் போனில் சொன்னாய். அதற்கு நீ போட்டதே போதும். ஆனால் மடிக்கணினிக்கு எதிரே வாரம் ஏழு நாள் என்று எழுதியிருக்கிறாய். படுக்கையருகே ஒரே ஒரு லைட். வரைபடத்தில் கட்டில் அகலம் 70 சென்டிமீட்டர்.

சரி. உன் சர்க்யூட் படத்தை ஆபீஸ் பழைய சிநேகிதர்களிடம் காட்டினேன். மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்தவர்கள், இவ்வளவு சுத்தமாக யார் போட்டது என்று கேட்டார்கள். என் மகள் என்றேன். சின்ன வயதில் நான் பியூஸ் மாற்றும்போது டார்ச் பிடித்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்பாயே, அவள்தான் என்றேன். ஆனால் அம்மாடி, அத்தனை கேள்வி கேட்டவள் படத்தில் பேட்டரிக்குப் பக்கத்தில் பியூஸ் போடாமல் விடலாமா?

2000 வாட் இன்வெர்ட்டர் வைக்கிறாய். நம்ம வீட்டு 230 வோல்ட்டில் அந்த லோடு 9 ஆம்பியர்கூட இழுக்காது. வேன் பேட்டரியின் 12 வோல்ட்டில் 170, 180 போகும். அதற்கு 70 சதுர மில்லிமீட்டர் கேபிள், எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக. பியூஸ் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்கட்டும். வீட்டு ஸ்விட்ச் எதையும் அதில் மாட்டாதே. வீட்டு கரண்ட் வினாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், பொறி தானாக அணையும். பேட்டரி கொடுக்கும் டி.சி. கரண்டில் அப்படி இல்லை, பற்றிக்கொண்டால் நின்று எரியும். டி.சி. என்று எழுதிய பிரேக்கர்தான் வாங்க வேண்டும்.

நீ அனுப்பிய போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்சக்கரத்துக்கு மேலே தகரத்தில் துளை போட்டு சிவப்பு வயரைக் கொண்டுபோயிருக்கிறாய். துளை விளிம்பில் ரப்பர் வளையம் இல்லை. டிரில் போட்ட பிசிறு அப்படியே மினுங்குகிறது. வண்டி அதிர அதிர அந்த விளிம்பு வயரின் தோலை அறுத்துவிடும். ராத்திரி நீ தூங்கும்போது அறுந்தால் என்ன ஆகும்? தீயணைப்பானைக் கதவுப் பக்கம் மாட்டு. பியூஸை மறக்காதே.

என் கணக்கு இது. 200 வாட் பேனல் மூன்று. 300 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, அதாவது 3,840 வாட்-அவர். வண்டி ஓடும்போது எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற 40 ஆம்பியர் டி.சி. சார்ஜர். ஒரு மணி நேரம் ஓட்டினால் 500 வாட்-அவர் கிடைக்கும். ஹோத்தம் மலைப் பக்கம் போனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்துக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது, பேட்டரி கெட்டுவிடும். குளிரில் தானே சார்ஜை நிறுத்தும் பி.எம்.எஸ்., அதாவது பேட்டரியைக் காக்கும் சர்க்யூட், இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. யூகலிப்டஸ் மரத்தடியில் நிறுத்தாதே. நிழல் விழும், கிளையும் முறிந்து விழும்.

கட்டிலை 120 சென்டிமீட்டராகப் போடு. அடியில் பேட்டரிப் பெட்டிக்கு இடம் கிடைக்கும். அந்தப் பெட்டி நீ படுக்கிற பக்கம் திறக்கக் கூடாது, காற்று வெளியே போக வழி வேண்டும்.

மாப்பிள்ளையும் பொங்கலுக்குப் பிறகு பேசவில்லை. வேலை இருக்கும். நான் இரண்டு மடிக்கணினி, இரண்டு லைட் என்று 1,600-க்கு மேலேதான் கணக்குப் போட்டிருக்கிறேன். அது ஒருவருக்கு என்றால் சொல்லு அம்மாடி, மாற்றிக்கொள்ளலாம். அப்பாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. யாரிடமும் நீ பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. ஒருவருக்கு என்றாலும் பேனலை மட்டும் குறைக்காதே.

பணம் குறைந்தால் என் பிக்சட் டெபாசிட் ஆவணியில் முடிகிறது. இல்லை, அதுவரை காத்திருக்காதே, இப்போதே உடைத்துவிடுகிறேன். வேனுக்குள் கேஸ் அடுப்பு எரித்துவிட்டுக் கதவை அடைத்துத் தூங்காதே. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கைப் பக்கம் கட்டாயம் வேண்டும். அம்மா இதைப் படிக்கவில்லை, வேன் வாங்கியது மட்டும் அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. வேனைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றில்லை. வீட்டு அறை காலியாகத்தான் இருக்கிறது, வருகிறேன் என்றால் டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா