கொடுத்ததைத் திரும்ப எடுக்காதீர்கள்: நைஜல் ஃபராஜுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நைஜல் ஃபராஜ் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி நீங்கள் செய்தியாளர்களைக் கூட்டிச் சொன்ன அறிவிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் ரிஃபார்ம் யூ.கே. கட்சி பிரிட்டனில் ஆட்சிக்கு வந்தால் நிரந்தர வசிப்புரிமையை, அதாவது நாங்கள் எல்லோரும் ஐ.எல்.ஆர். என்று சொல்வதை, ஒழித்துவிடுவோம் என்றீர்கள். இனிமேல் வருபவர்களுக்கு மட்டும் என்று சொல்லியிருந்தால், பிடிக்காவிட்டாலும் அது ஒரு கட்சியின் கொள்கை என்று பேசாமல் இருந்திருப்பேன். ஏற்கெனவே வாங்கியவர்களும் அதை இழப்பார்கள், 5 ஆண்டுக்கு ஒருமுறை விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், சம்பள வரம்பு கூடும், மனைவி மக்களைக் கூட வைத்துக்கொள்வதிலும் கட்டுப்பாடு வரும் என்றீர்கள். அதனால்தான் இந்த மடல்.

நான் நாகர்கோவில்காரி. எசெக்ஸில் ஒரு மருத்துவமனையில் முதியோர் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும் கிளாக்டன் பக்கத்துப் பெரியவர்களையும் பார்த்துக்கொள்கிறேன். அவர்களில் பலர் உங்களுக்கு வாக்களித்தவர்கள், மறைக்காமல் சொல்வார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் சொல்லும் குறைகளில் பாதி எனக்கும் உள்ள குறைதான். ஜி.பி. என்ற உள்ளூர் மருத்துவரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதில்லை, வாடகை ஏறிக்கொண்டே போகிறது, பேரப்பிள்ளைகளுக்கு ஊரில் வேலை இல்லை. ஜேவிக் போன்ற ஓர் ஊர் இங்கிலாந்திலேயே மிகவும் பின்தங்கிய பகுதி என்று ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் வந்துகொண்டிருக்கிறது, அதை லண்டனில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மக்கள் உங்களிடம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

உங்கள் அரசியல் எங்கே தொடங்கியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என் கோரிக்கையே அதிலிருந்துதான் வருகிறது. 1975 பொது வாக்கெடுப்பில் இந்த நாட்டில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஐரோப்பிய சமூகத்தில் தொடரலாம் என்றார்கள். அவர்கள் சம்மதித்தது ஒரு பொதுச் சந்தைக்கு. அப்புறம் ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் வந்து அதை வேறு ஒன்றாக மாற்றியது, மாற்றும்போது மக்களைக் கேட்கவில்லை. இதுதான் உங்கள் வாதம். இதற்காகத்தான் 1992இல் கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டு வந்தீர்கள், அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகக் கோரிய யூகிப் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானீர்கள். 1999இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கே தேர்வாகி, அதற்குள் இருந்துகொண்டே இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை எதிர்த்தீர்கள். 2010இல் ஐரோப்பிய கவுன்சில் தலைவராக இருந்த ஹெர்மன் வான் ராம்பாயைப் பார்த்து நீங்கள் பேசிய பேச்சில் இருந்த வசை எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காக அபராதமும் விதித்தார்கள். ஆனால் அதே பேச்சில், உங்களுக்கு யார் வாக்களித்தார்கள், உங்களை நீக்க மக்களுக்கு என்ன வழி இருக்கிறது என்று கேட்டீர்களே, அது நியாயமான கேள்வி. 2014 ஐரோப்பியத் தேர்தலில் யூகிப் முதலிடத்துக்கு வந்ததும், அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலில் 38 லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கி ஒரே ஓர் இடம் கிடைத்ததும், 2016 ஜூன் 23இல் 51.9 சதவீதத்தினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாம் என்றதும் எல்லாம் அந்தக் கேள்வியின் பலத்தில் நடந்தவை.

சம்மதித்தபோது இருந்த நிபந்தனையை ஒரு தரப்பு மட்டும் பின்னால் மாற்றக் கூடாது. கால் நூற்றாண்டுக்கு மேல் நீங்கள் பேசியதன் சாரம் இது. அதே நியாயத்தை எங்களுக்கும் தாருங்கள் என்று கேட்கிறேன்.

எங்களுக்கு என்ன நிபந்தனை இருந்தது என்று சொல்கிறேன். 2019இல் வந்தேன். இங்கே வந்து ஓ.எஸ்.சி.இ. என்ற செய்முறைத் தேர்வில் தேறிப் பதிவு எண் வாங்கி, நர்ஸ்களின் தொடக்கச் சம்பள நிலையான பேண்ட் 5இல் சேர்ந்தேன். 5 ஆண்டு வேலை பார்க்க வேண்டும், எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருக்கக் கூடாது, இந்த நாட்டைப் பற்றிய லைஃப் இன் தி யூ.கே. தேர்வில் 24 கேள்விக்கு 18 சரியாக எழுத வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். அதற்கப்புறம் காலவரையறை இல்லாமல் இங்கே இருக்கலாம். இந்த நிபந்தனைகளை எழுதியது பிரிட்டிஷ் அரசு. நான் அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றச் சொல்லவில்லை. நடுவில் கொரோனா வந்தது, அதைக் காட்டியும் ஒரு சலுகை கேட்கவில்லை. 2024இல் விண்ணப்பித்தபோது ஆளுக்கு 2,885 பவுண்டு. எனக்கும் கணவருக்கும் மகளுக்குமாக 8,655 பவுண்டு. என் இரவு ஷிஃப்ட் காசும், அவர் கிடங்கில் ஓவர்டைம் பார்த்த காசும் போதாமல் ஊரில் இருந்த இரண்டு வளையலையும் விற்றோம்.

மகளுக்கு இப்போது 14 வயது. வரும்போது 8. மகன் 2021இல் இங்கேயே பிறந்தான். எங்களுக்கு ஐ.எல்.ஆர். கிடைத்த பிறகு அவனைப் பதிவு செய்தோம், அவன் பிரிட்டிஷ் குடிமகன். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடுகிற நான்கு பேரில் ஒருவனை மட்டும் உங்கள் திட்டம் தொடாது. உங்கள் அறிவிப்பு வந்த வாரத்தில் மகள் என் போனை வாங்கி, எங்கள் ஈ-விசா கணக்கைத் திறந்து பார்த்தாள். முன்பெல்லாம் கையில் ஓர் அட்டையாவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை. எங்கள் உரிமை முழுவதும் அந்தத் திரையில் இருக்கும் இரண்டு மூன்று வரிதான். யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் ஷேர் கோட் என்ற குறியீட்டை இணையத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் தன் பெயருக்கு நேரே இருந்ததை இரண்டு முறை படித்துவிட்டு, "அப்போ தம்பி மட்டும்தான் இங்க இருக்கலாமாம்மா?" என்று கேட்டாள். அப்படி எதுவும் நடக்காது என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் 18 வயது ஆனதும் அவள் எந்த விசாவில் இருப்பாள், எந்தச் சம்பள வரம்பை வைத்து ஒரு மாணவியை அளப்பார்கள், பல்கலைக்கழகத்தில் உள்நாட்டுக் கட்டணமா வெளிநாட்டுக் கட்டணமா, படிப்புக் கடன் கிடைக்குமா, எதற்கும் என்னிடம் பதில் இல்லை. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஐ.எல்.ஆர். ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தது. அதனால்தானே அத்தனை பாடுபட்டு வாங்கினோம்.

குடியுரிமை வாங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை கிடைக்கும், ஆனால் அதை வைத்து ஊரில் வாக்களிக்க முடியாது. இப்படி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். அதை நிதானமாக யோசித்து முடிவெடுக்க இடம் தருவதுதான் நிரந்தர வசிப்புரிமை. பயத்தில் ஓடிப்போய்க் குடியுரிமை வாங்குகிறவர்கள் நிறைந்த நாடாக இதை ஆக்க வேண்டும் என்பதா உங்கள் விருப்பம்?

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. 2015 தேர்தலுக்கு முன் பிபிசி பேட்டியில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருபவர்களைவிட இந்தியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வருபவர்களை ஓரளவு விரும்புவதாகச் சொன்னீர்கள். அவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள், இந்த நாட்டுச் சட்டமுறையை அறிந்தவர்கள் என்று காரணமும் சொன்னீர்கள். ஈஸ்ட்ஹாமில் கடை வைத்திருக்கும் எங்கள் உறவுக்கார அண்ணன் ஒருவர் அதை நம்பினார். இங்கே வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர்களுக்கு 2016இல் வாக்கு இருந்தது, பெரும்பாலான ஐரோப்பியர்களுக்கு இல்லை. அவர் வெளியேறலாம் என்று வாக்களித்தார். அந்த வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால் நீங்கள் வைத்த 'பிரேக்கிங் பாயிண்ட்' சுவரொட்டியில் வரிசையாக நடந்துவந்தவர்கள் ஐரோப்பியர்கள் அல்ல, அகதிகள். அப்போதே அவர் கொஞ்சம் யோசித்தார், பிறகு விட்டுவிட்டார்.

இப்போது பாருங்கள். பிரெக்ஸிட் ஒப்பந்தத்தின்படி வசிப்புரிமை பெற்ற ஐரோப்பியர்களுக்கு ஐ.எல்.ஆர். ஒழிப்பு பொருந்தாது என்கிறது உங்கள் கட்சி. அவர்கள் பத்திரமாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான், என் வார்டில் கூட வேலை பார்க்கும் போர்ச்சுகீசியப் பெண்ணும் அதில் ஒருத்தி. அவர்களுக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, அதை எழுதிக் கையெழுத்து வாங்கியது ஐரோப்பிய ஒன்றியம். எங்களுக்குப் பின்னால் இருப்பது பிரிட்டிஷ் அரசின் வாக்கு மட்டும். அந்த வாக்குக்கு மதிப்பு இல்லை என்று சொல்பவர் நீங்களாக இருக்கலாமா? ஒரு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சொல் பிரஸ்ஸல்ஸின் சொல்லைவிடப் பெரியது என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவர் ஆயிற்றே நீங்கள்! 2016 ஜூனில், இங்கே ஏற்கெனவே சட்டப்படி வாழும் ஐரோப்பியர்களுக்குத் தானாகவே ஐ.எல்.ஆர். தரப்படும் என்று வெளியேறும் தரப்பின் தலைவர்கள் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அது உங்கள் அணி அல்ல, போரிஸ் ஜான்சன், மைக்கேல் கோவ் அணி. ஆனால் ஒருவரை நிம்மதியாகத் தூங்க வைக்கும் உறுதி என்று அவர்களும் அந்த ஐ.எல்.ஆரைத்தான் நினைத்தார்கள்.

அரசுக்கு 23,400 கோடி பவுண்டு மிச்சமாகும் என்றும் சொன்னீர்கள். அந்தக் கணக்கு எந்த மதிப்பீட்டிலிருந்து எடுக்கப்பட்டதோ, அதைத் தயாரித்த அமைப்பே அதை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தது. நாங்கள் உதவித்தொகைக்காக வந்தவர்கள் என்ற பேச்சைக் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டது. சம்பளச் சீட்டில் வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் பிடித்தது போகத்தான் என் கைக்கு வருகிறது. இதில் உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஐ.எல்.ஆருக்கான 5 ஆண்டை 10 ஆண்டாக்கப் பார்க்கும் லேபர் அரசும் உங்களைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் நகர்கிறது. ஒரு கட்சி விரட்டுவேன் என்கிறது, இன்னொரு கட்சி காக்க வைப்பேன் என்கிறது. இதற்கிடையில் இரவு 2 மணிக்குப் பெரியவர்களைப் புரட்டிப் படுக்க வைக்க வார்டில் ஆள் போதவில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று.

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர்களுக்கு ஓய்வூதியம் உண்டு. உங்களுக்கும் அதில் உரிமை இருக்கிறது. அந்த அமைப்பையே உடைக்கப் போனவர் என்று சொல்லி அதை உங்களிடமிருந்து பறிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் அதை ஏற்க மாட்டேன். வேலை பார்த்தீர்கள், தருவதாகச் சொன்னார்கள், தர வேண்டும். எங்களுக்கும் அவ்வளவுதான் ஐயா. வேலை பார்த்தோம், தருவதாகச் சொன்னார்கள், தந்தும்விட்டார்கள். அதைத் திரும்ப எடுக்காதீர்கள்.

ஏழு முறை தோற்று, 2024இல் எட்டாவது முறை கிளாக்டனில் வென்று நாடாளுமன்றத்துக்குள் வந்திருக்கிறீர்கள். 2025இல் வந்த கருத்துக்கணிப்புகளில் உங்கள் கட்சி முன்னால் இருந்தது. அடுத்த பொதுத்தேர்தல் 2029க்குள் வந்தாக வேண்டும். அதனால் நீங்கள் சொல்வதை வெறும் மேடைப் பேச்சு என்று நாங்கள் ஒதுக்க முடியாது. இனி வருபவர்களுக்கு என்ன விதி வேண்டுமானாலும் வையுங்கள், அதைத் தேர்தலில் பேசிக்கொள்வோம். எனக்கும் இங்கே வாக்கு இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே ஐ.எல்.ஆர். பெற்றவர்களின் உரிமையைத் தொட மாட்டோம் என்று உங்கள் தேர்தல் அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள். தேர்தல் வரை காத்திருக்காமல் இப்போதே அதைப் பொதுவில் சொல்லுங்கள். தொடுவோம் என்பதில் உறுதியாக இருந்தால், பிரிட்டிஷ் தம்பியுள்ள 14 வயது இந்தியப் பெண் 18 வயதில் எந்த விசாவில் இங்கே இருப்பாள் என்று எழுத்தில் பதில் தாருங்கள். அதை என் மகளிடம் அப்படியே காட்டுவேன்.

பணிவுடன்,
எசெக்ஸிலிருந்து ஒரு நர்ஸ்