செயலாளர் ஆண்டறிக்கை 2025-26: மருந்து ஒத்துக்கலன்னா வாயத் தொறந்து சொல்லணும்

எல்லாருக்கும் வணக்கம். வலிப்பு இருக்கிற பிள்ளைங்களோட அப்பா அம்மாங்க சேர்ந்து நடத்துற நம்ம சங்கத்துக்கு இன்னொரு வருஷம் முடிஞ்சுது. மாசக் கூட்டம் ஒழுங்கா நடந்துச்சு, கத்திரி வெயில்ல மே மாசம் மட்டும் விட்டுட்டோம். குடியாத்தம், ஆரணி, பேர்ணாம்பட்டுல இருந்தெல்லாம் பிள்ளைங்களைத் தூக்கிகினு பஸ் ஏறி வந்தீங்க, நன்றி. வரவு செலவை பொருளாளர் அண்ணன் தனியா படிப்பாரு.

இந்த வருஷம் நாம அதிகமா பேசுனது ஆஸ்பத்திரியில சேர்த்த பிள்ளைக்கு மருந்து ஒத்துக்காம போறதைப் பத்திதான், அதை ஆரம்பிச்சது என் பொண்ணு கதை. கார்பமசெபின்னு ஒரு வலிப்பு மருந்து ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆகியிருந்துச்சு, ஜுரத்தோட வலிப்பு வந்து வார்டுல சேர்த்தோம், ரெண்டாம் நாள் ராத்திரி மார்ல சிவப்பு சிவப்பா தடிப்பு. என் மாமியார் பார்த்துட்டு, அம்மா வந்திருக்கா, டாக்டர்கிட்ட சொல்லாதன்னு வேப்பிலையை தலகாணிக்கு அடியில வெச்சாங்க. நானும் காலையில ரவுண்ட்ஸ்ல ஒண்ணும் சொல்லல. மத்தியானம் கண்ணு சிவந்து வாயெல்லாம் புண்ணாகி எச்சில் முழுங்க முடியாம அழுதப்பதான் சிஸ்டர் பார்த்துட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாங்க. அந்த மருந்தை நிறுத்தி வேற மருந்து மாத்தினாங்க, பொண்ணு தேறிட்டா. மாமியார் மேல கோவம் இல்ல, நம்ம பக்கம் உடம்புல தடிப்புன்னா முதல்ல அம்மைதான் ஞாபகம் வரும். ஆனா நான் வாயத் தொறக்காத அந்த ஒரு ராத்திரி இன்னிக்கும் மனச அறுக்குது.

டிஸ்சார்ஜ் சீட்டுல அலர்ஜின்னு ஒரு வார்த்தை எழுதினாங்க, அதோட முடிஞ்சுது, யாரும் மேல ரிப்போர்ட் பண்ணல. இப்படி பண்ணணும்னே நமக்கு ஒரு பார்மசிஸ்ட் தம்பி வந்து சொல்லித்தான் தெரிஞ்சுது. 2010ல இருந்தே மருந்து ஒத்துக்காம போறதைப் பதிவு பண்றதுக்குன்னு நாடு முழுக்க ஒரு திட்டம் இருக்கு, காசியாபாத்ல இருக்கிற இந்திய பார்மகோபியா கமிஷன் நடத்துது, அங்கேர்ந்து விவரம் ஸ்வீடன்ல உப்சாலாவுல இருக்கிற உலக மையம் வரைக்கும் போகுது. டாக்டர், நர்ஸ் மட்டும் இல்ல, நாமளும் எழுதலாம், நமக்குன்னு தனி ஃபார்ம் தமிழ்லயே இருக்கு. 1800-180-3024 இலவச நம்பர், வேலை நாள்ல காலை 9ல இருந்து சாயங்காலம் 5.30 வரைக்கும் பேசலாம். இந்த மருந்தாலதான்னு நிரூபிக்க வேணாம், சந்தேகம் போதும். பிள்ளையோட பேர் வெளிய வராது. முக்கியமா இது டாக்டர் மேல குடுக்கிற புகார் கிடையாது, அந்த பயத்துலதான் நம்மள்ல பாதிப் பேர் வாயை மூடிக்கிறோம்.

பிள்ளைங்க விஷயத்துல இது ஏன் கூடுதலா வேணும்னா, நிறைய மருந்தை முதல்ல பெரியவங்களுக்குக் குடுத்துதான் சோதிக்கிறாங்க, பிள்ளைக்கு எடையைப் பார்த்து அளவு போடுறாங்க, என்ன பண்ணுதுன்னு சொல்ல அதுக்கு வாயும் வராது. பாராசிட்டமால் சிரப்பே 5 மில்லியில 120 மில்லிகிராம்னும் வருது 250ன்னும் வருது, பாட்டிலைப் பார்க்காம ஊத்தினா டோஸ் டபுளாயிடும். 2025ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல இருமல் சிரப் குடிச்சு சிறுநீரகம் செயலிழந்து அத்தனை பிஞ்சுங்க செத்துச்சே, அந்த சிரப் தயாரானது நமக்குப் பக்கத்துல காஞ்சிபுரம் மாவட்டத்துல. அந்த மாசக் கூட்டத்துல யாருக்கும் பேச்சே வரல.

கார்பமசெபின், ஃபெனிடாயின் மாதிரி வலிப்பு மருந்து ஆரம்பிச்ச முதல் ரெண்டு மாசம் தடிப்பு, ஜுரம், வாய்ப்புண்ணு, கண்ணு சிவக்கிறது வந்தா அம்மைன்னு வீட்ல உக்காந்துகினு இருக்காதீங்க, உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. நீங்களா மாத்திரையை நிறுத்திடவும் வேணாம், திடீர்னு நிறுத்தினா வலிப்பு அதிகமாகும்.

செப்டம்பர் 17ல இருந்து 23 வரைக்கும் மருந்தோட பக்க விளைவைக் கண்காணிக்கிறதுக்கான தேசிய வாரம், அப்போ காட்பாடியில ஒரு கூட்டம் போடலாம்னு கமிட்டியில பேசியிருக்கோம். என்ன மருந்து, என்ன தேதியில ஆரம்பிச்சது, பேட்ச் நம்பர் என்னன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. தமிழ் ஃபார்ம் வாசல் டேபிள்ல வெச்சிருக்கு, போகும்போது ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கோங்க, ஒண்ணு பக்கத்து வீட்டுக்கு.