நம் பள்ளிக்குச் சொந்தக் கட்டடம்: கட்டடப் பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள பெற்றோருக்கும், பிள்ளைகள் படித்து வெளியே போய்விட்ட பழைய பெற்றோருக்கும், நம்மோடு நின்ற தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

அயர்லாந்தில் இருக்கும் நம் தொடக்கப் பள்ளி சொந்தக் கட்டடத்துக்குக் குடிவந்துவிட்டது. சாவி கைக்கு வந்தாயிற்று, எட்டு வகுப்புகளும் உள்ளே நடக்கின்றன. ஆங்கிலத்தில் எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பிய அறிக்கை தேதியும் கணக்குமாக இருந்தது. "நடந்ததை நடந்தபடி தமிழில் எழுதுங்கள், ஊரில் இருக்கிற அம்மா அப்பாவுக்கும் அனுப்ப வேண்டும்" என்று நம் தமிழ்க் குடும்பங்கள் கேட்டார்கள். அதனால்தான் இது. எழுதியதைக் கட்டடக் குழுவில் மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே அனுப்புகிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம், "அரசாங்கப் பள்ளிக்குக் கட்டடம் கிடைக்க ஏன் இவ்வளவு பாடு?" என்பதுதான். அயர்லாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு, பாடத்திட்டம் வகுப்பதும் அரசு. ஆனால் பள்ளி பெரும்பாலும் அரசுடையது அல்ல. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு புரவலர் உண்டு, அதாவது பள்ளிக்குப் பொறுப்பேற்று அதன் நெறியைத் தீர்மானிக்கும் அமைப்பு. பத்தில் ஏறக்குறைய ஒன்பது தொடக்கப் பள்ளிகளுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை புரவலர். அந்தப் பள்ளிகளில் பலவற்றுக்கு ஒரு காலத்தில் பங்குக் கோயில்தான் நிலம் தேடித் தந்தது, ஊர் மக்கள் கூடிக் கட்டினார்கள். அது அந்த மக்களின் உழைப்பு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா மதத்துப் பிள்ளைகளும், மதம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் சரிசமமாக உட்கார ஒரு பள்ளி வேண்டும் என்றால், அதற்கு எந்தக் கோயில் நிலம் தரும்? நம் சிக்கலின் வேர் இதுதான்.

இத்தனைக்கும் 1831இல் இங்கே தேசியப் பள்ளி முறையைத் தொடங்கியபோது, எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்றுதான் அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமைச் செயலர் ஸ்டான்லி தன் கடிதத்தில் எழுதினார். அடுத்த சில பத்தாண்டுகளில் நடைமுறை வேறு பக்கம் போய்விட்டது. 1970களில் டப்ளினுக்குத் தெற்கே டால்கியில் பெற்றோர் சிலர் கூடிப் பேசத் தொடங்கி, 1978இல் பல சமயத்தவருக்கும் பொதுவான பள்ளி ஒன்றைத் திறந்தார்கள். அதே வழியில் வந்த பள்ளிகள் சேர்ந்து 1984இல் எஜுகேட் டுகெதர் அமைப்பு உருவானது. இன்று அதன் கீழ் தொண்ணூறுக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. 1999 வரை இப்படி ஒரு பள்ளி தொடங்குகிறவர்கள் நிலத்தையும் தாங்களே தேட வேண்டும், கட்டடச் செலவிலும் ஒரு பங்கு போட வேண்டும். அந்த ஆண்டு விதி மாறி, நிலத்தின் செலவை அரசு ஏற்றது. அந்த மாற்றம் வராமல் இருந்தால் நம்மைப் போன்ற சின்னப் பள்ளிக்குக் கட்டடம் கனவாகவே இருந்திருக்கும்.

சரி, நம் கதைக்கு வருகிறேன்.

முதல் இரண்டு ஆண்டும் விளையாட்டு மன்றத்தின் மாடிக் கூடத்தில் நடத்தினோம். மன்றத்தார் அன்பாகத்தான் இடம் தந்தார்கள். ஆனால் வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை கூடம் அவர்களுடையது. பிறந்தநாள், பரிசளிப்பு, சில நேரம் துக்க வீட்டுச் சாப்பாடு. ஆகவே வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு மேல் பாடம் கிடையாது, மூட்டை கட்டும் வேலைதான். சுவரில் ஒட்டிய படங்களை ஆசிரியர்கள் புளூ டாக் என்ற ஒட்டுப் பசையோடு பிய்த்தெடுத்து அட்டைப் பெட்டியில் போடுவார்கள். இடம் போதாமல், பெரும்பாலான படங்களைப் பிள்ளைகளிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். திங்கள் காலை ஏழரைக்கு நாம் நாலைந்து பேர் போய் நாற்காலியை இறக்குவோம், தரையைத் துடைப்போம். முந்தைய இரவின் பீர் வாடை போக ஜன்னலைத் திறந்து வைப்போம். ஜனவரிக் குளிரில் ஜன்னல் திறந்த கூடத்தில் நாலு வயதுப் பிள்ளைகள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் ப்ரீஃபாப் அறைகள், அதாவது ஆயத்தமாகக் கொண்டுவந்து வைக்கும் அறைகள். தற்காலிகம் என்றுதான் வைத்தார்கள், ஆறு ஆண்டு ஓடிவிட்டது. வெயில் அடித்தால் உள்ளே புழுக்கம், மழை பெய்தால் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் ஆசிரியர் குரல் எடுபடாது. கதை வாசிக்கும் ஆசிரியை மழை வலுத்ததும் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, சத்தம் அடங்கும் வரை பிள்ளைகளோடு சும்மா உட்கார்ந்திருப்பார். நானே அதைப் பார்த்திருக்கிறேன். கழிப்பறைக்கு முற்றத்தைக் கடக்க வேண்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் மழைக்குப் பயந்து அடக்கிக்கொண்டிருந்து வீட்டுக்கு வந்து அழுததை எத்தனையோ தாய்மார் கூட்டத்தில் சொன்னார்கள்.

நிலம் அடையாளம் கண்ட பிறகு பிளானிங் அனுமதி, அதாவது கட்டடம் கட்ட உள்ளாட்சி தரும் அனுமதி. திட்டத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் ஐந்து வாரத்துக்குள் 20 யூரோ கட்டி உள்ளாட்சிக்குத் தங்கள் கருத்தை எழுதலாம். எழுதினார்கள். பெரும்பாலும் ஒரே கவலைதான்: காலை எட்டரைக்கு அந்தக் குறுகிய தெருவில் கார்கள் நிற்கும், எங்கள் வாசலை அடைக்கும் என்று. முதலில் நம்மில் பலருக்கு மனம் புண்பட்டது, பிள்ளைகளை வேண்டாம் என்கிறார்களோ என்று. குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர்தான், "அவர்கள் சொல்வது காரைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி இல்லை. போய்ப் பேசுவோம்" என்றார். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஒவ்வொரு வீடாகப் போனோம். தேநீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார்கள். அதன் பிறகு வரைபடத்தில் நுழைவாயிலை வேறு பக்கம் மாற்றினோம், சைக்கிள் நிறுத்தத்தைப் பெரிதாக்கினோம். தேவாலய வாகன நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டுப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக் கூட்டி வரும் ஏற்பாட்டையும் செய்தோம். ஆமாம், தேவாலயத்தின் இடம்தான். பங்குத் தந்தை கேட்ட உடனே தந்தார். மேல்முறையீடு வரவில்லை.

கட்டுமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெண்டர் முறைப்படி நடந்தது. குளிர்கால மழையில் அஸ்திவாரக் குழிகளில் நீர் நின்று வேலை சில வாரம் தள்ளிப்போனது. நிலத்திலிருந்து கசியும், கதிரியக்கமுள்ள ரேடான் வாயு உள்ளே வராதபடி தரைக்கு அடியில் தடுப்பு விரிப்பு போட்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் பல இடங்களில் அது அவசியம். ஒவ்வொரு வகுப்புக்கும் உள்ளேயே கழிப்பறை உண்டு. பள்ளியின் முதலாண்டு வகுப்பான ஜூனியர் இன்ஃபன்ட்ஸ் பிள்ளை ஒருத்தி முதல் நாள் அந்தக் கதவைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். அதற்குப் பிறகு நான் வேறெதையும் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

திறப்பு நாளைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம்மவர்கள் சிலருக்கு வருத்தம். புது வீடு என்றால் பால் காய்ச்சுவது நம் வழக்கம். பள்ளிக்கும் காய்ச்சலாமே, பிள்ளையாரை வைத்து ஒரு சின்னப் பூஜை போதுமே என்று கேட்டார்கள். பாதிரியார் வந்து ஆசி வழங்கட்டும் என்று வேறு சில பெற்றோரும் கேட்டார்கள். குழு இரண்டுக்கும் வேண்டாம் என்றது. அந்த முடிவில் நானும் உண்டு, அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். நம் பிள்ளைகள் இங்கே தீபாவளியையும் ஈதையும் கிறிஸ்துமஸையும் படிக்கிறார்கள். எந்த வீட்டு வழிபாடும் பள்ளியின் வழிபாடு ஆவதில்லை. கத்தோலிக்கப் பிள்ளைகளின் முதல் நற்கருணைச் சடங்குக்கான வகுப்புகூடப் பள்ளி நேரம் முடிந்த பிறகு, அந்தப் பெற்றோரே ஏற்பாடு செய்துதான் நடக்கிறது. கட்டடம் வந்த முதல் நாளே அந்த ஒழுங்கை நாம் மாற்றினால், இத்தனை ஆண்டு எதற்காக நின்றோம்? வருத்தப்பட்ட பாட்டி ஒருவர் முந்தின மாலை வாசலில் அரிசி மாவில் கோலம் போட்டுவிட்டுப் போனார். யாரும் தடுக்கவில்லை. காலையில் மழை கரைத்திருந்தது. வந்த பிள்ளைகள் அந்த வெள்ளைத் தடத்தின் மேலேயே சாக்பீஸால் தங்களுக்குத் தோன்றியதை வரைந்தார்கள்.

பணத்தைப் பற்றி: சுவரும் கூரையும் பொதுப் பணம். நாம் திரட்டியது விளையாட்டுத் திடலின் சாதனங்களுக்கும் நூலக அலமாரிக்கும் தோட்டத்துக்கும். கேக் விற்பனை, நடைப் பயணம், நம்மவர்களின் இட்லி வடைக் கடை என்று சிறுகச் சிறுகச் சேர்த்தது. தணிக்கை செய்த கணக்கைத் தனித் தாளில் இணைத்திருக்கிறோம், சந்தேகம் இருந்தால் பொருளாளரிடம் கேளுங்கள். மிச்சமிருக்கும் தொகையைத் தோட்டத்தில் ஒரு மழை நிழற்கூரைக்கு ஒதுக்கச் சொல்லி நிர்வாகக் குழுவுக்குப் பரிந்துரைத்திருக்கிறோம்.

முடியாத வேலையும் கொஞ்சம் இருக்கிறது. பொதுக் கூடத்தின் வடக்கு மூலையில் முதல் புயலுக்கே ஒழுகியது. ஒப்பந்தக்காரர் வந்து சரிசெய்துவிட்டார், ஆனாலும் ஒரு முழுக் குளிர்காலம் பார்த்த பிறகுதான் நம்புவோம். குறைபாடுகளைத் திருத்தித் தர ஒப்பந்தப்படி 12 மாதம் அவகாசம் உண்டு. கண்ணில் படும் விரிசல், ஒட்டாத கதவு, சொட்டும் குழாய் எதுவானாலும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மாடிக் கூடத்தில் முதன்முதலில் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவர்கள் ஆறாம் வகுப்பை ப்ரீஃபாபிலேயே முடித்துவிட்டு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். புதுக் கட்டடத்தில் ஒரு நாள்கூட உட்காரவில்லை. அவர்களுடைய அப்பா அம்மாக்கள்தான் அதிகம் நாற்காலி தூக்கினார்கள், அதிகம் கையெழுத்து வாங்கினார்கள், பிள்ளை போன பிறகும் கூட்டத்துக்கு வந்தார்கள். நூலகத்துக்கு வெளியே இருக்கும் நீளச் சுவரில் இதுவரை எதையும் மாட்டவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய அந்தப் படங்களை யாராவது பத்திரமாக வைத்திருந்தால் கொண்டு வாருங்கள், கசங்கியிருந்தாலும் பரவாயில்லை. சட்டம் போட்டு மாட்டும் செலவு குழுவுடையது. வெள்ளிக்கிழமை யாரும் கழற்ற மாட்டார்கள்.