சாரதிக்கும் தூக்கம் வேண்டும்

ஆசிரியருக்கு,

லொறிச் சாரதிகளின் வேலை நேரத்துக்கு வரம்பு வைத்தால் கரட் அழுகும், விலை ஏறும் என்கிறார்கள் வியாபாரிகள். நான் லீக்ஸ் பயிரிடுபவன். பகல் முழுக்க மூட்டை சேர்த்த அதே சாரதிதான் இரவில் றம்பொடை மலைப்பாதை வளைவுகளில் இறங்கி, கொழும்பை அடுத்த பேலியகொடைச் சந்தைக்குப் போகிறார். போன வாரம் ஒருவர் கண் சொருகாமலிருக்க இமையோரம் தைலம் தடவிக்கொண்டுதான் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

2025 மே மாதம் அதிகாலையில் கெரண்டிஎல்ல பகுதியில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20 பேருக்கு மேல் இறந்ததும் இதே பாதையில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். அங்கேயும் மரக்கறி விற்கத்தான் செய்கிறார்கள்.

வரம்பு வந்தால் இரண்டாவது சாரதிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே என்பதுதான் வியாபாரிகளின் கவலை போலும். அப்படியானால் கிலோவுக்கு எவ்வளவு கூடும்? கணக்கைக் காட்டட்டும்.

மரக்கறி விவசாயி,
நுவரெலியா