வங்கதேச பனியனில் லாபம் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் 'அங்கே கூலி குறைவு' என்ற ஒரு காரணமும் சேர்ந்தே வருகிறது. கூலி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பீஸுக்குக் காஸ்டிங் (அடக்கச் செலவுக் கணக்கு) போட்டுப் பார்த்தால் கூலியைவிடப் பெரிய தொகைகள் வேறு இடத்தில் நிற்கின்றன. அவற்றைப் பார்க்காமல் ஒப்பிடுவதால் திருப்பூரில் கேட்க வேண்டியதைக் கேட்காமல், தையல்காரர் கூலியிலேயே கை வைக்கிறோம்.

160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 160 கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணியில் ஒரு சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். உடல் நீளம் 72 செ.மீ., கை 22, மடிப்புக்கும் தையலுக்கும் 8, ஆக 102. பாதி மார்பளவு 52, அதோடு 4 சேர்த்து 56. இரண்டையும் பெருக்கி, முன்பின் இரு பக்கத்துக்காக 2-ஆல் பெருக்கினால் 11,424 சதுர செ.மீ. எடை 183 கிராம். கட்டிங் வேஸ்ட் 10 சதவீதம் போட்டால் 201 கிராம் துணி. நிட்டிங்கிலும் (நூலைத் துணியாகப் பின்னுவது) சாயப்பட்டறையிலும் 8 சதவீதம் எடை போகும் என்றால் வாங்க வேண்டிய நூல் 218 கிராம். நூல் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் பீஸுக்கு 2.20 ரூபாய் ஏறும். இந்தக் கணக்கு இரு நாட்டுக்கும் ஒன்றுதான்.

இனி தையல். இந்த பீஸுக்குத் தர நேரம், அதாவது தடங்கல் இல்லாமல் தைக்கக் கணக்கிட்ட நேரம், 8 நிமிடம் என்று வைப்போம். வங்கதேசத்தில் 2023 டிசம்பர் முதல் ஆடைத் தொழிலின் அடிமட்டக் கூலி மாதம் 12,500 டாக்கா. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 12,480 நிமிடம். அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 டாக்கா. லைன் (ஒரு பீஸைச் சேர்ந்து தைக்கும் மெஷின் வரிசை) 50 சதவீதத் திறனில், அதாவது தர நேரத்தைப்போல இரு மடங்கு எடுத்து, ஓடினால் தர நிமிடத்துக்கு 2 டாக்கா. பீஸுக்கு 16 டாக்கா. ஒரு டாக்காவை 72 காசாக வைத்தால் 11.50 ரூபாய். திருப்பூரில் ஷிப்ட் 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 1.25 ரூபாய், அதே 50 சதவீதத் திறனில் பீஸுக்கு 20 ரூபாய். வித்தியாசம் 8.50 ரூபாய். அங்கும் மெஷினில் உட்காரும் ஆபரேட்டர் அடிமட்டக் கூலிக்கு மேல்தான் வாங்குகிறார் என்பதால் உண்மை வித்தியாசம் இதற்கும் கீழே. இங்கே பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் உண்டு. அங்கே ஆண்டுக்கு இரண்டு பண்டிகை போனஸ் உண்டு. ஒப்பிடுகிறவர்கள் சேர்த்தால் இரண்டையும் சேர்க்க வேண்டும்; ஒரு பக்கத்தை மட்டும் சேர்த்துவிடக் கூடாது.

இறக்குமதி வரிக்கு வருவோம். குறைந்த வளர்ச்சி நாடு என்ற தகுதியால் வங்கதேச ஆடை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரியே இல்லாமல் நுழைகிறது. 2011-க்குப் பிறகு, வெளிநாட்டுத் துணியை வாங்கித் தைத்து மட்டும் அனுப்பினாலும் அந்தச் சலுகை உண்டு. இந்திய டி-ஷர்ட்டுக்குப் பொது வரி 12 சதவீதம். சலுகை போக 9.6 சதவீதம் என்றுதான் பல ஆண்டுகள் ஓடியது. பீஸ் இரண்டரை டாலர், டாலர் 88 ரூபாய் என்றால் விலை 220 ரூபாய். அதில் 9.6 சதவீதம் 21 ரூபாய். வரியைக் கட்டுவது வாங்குகிறவர். ஆனால் விலை பேசும்போது அந்த 21 ரூபாயை நம்மிடம்தான் குறைக்கிறார். கூலியில் 8.50, வரியில் 21. எது பெரிது என்று வாசகர்களே பார்க்கலாம். (அமெரிக்க வரி அடிக்கடி மாறுவதால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

அடுத்தது ஆர்டரின் அளவு. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 25 ஆபரேட்டர் உள்ள லைன், 8 நிமிட பீஸை, முழுத் திறனில் நாளுக்கு 1,500 தைக்கும். ஆனால் புது ஸ்டைல் ஏறிய முதல் நாள் 30 சதவீதம்தான் வரும், 450 பீஸ். இரண்டாம் நாள் 600, மூன்றாம் நாள் 750, நான்காம் நாள் 900. நான்கு நாளில் 2,700 பீஸ்; சராசரித் திறன் 45 சதவீதம். 3,000 பீஸ் ஆர்டர் என்றால் கை பழகும்போது வேலை முடிந்துவிடும். மறுநாள் வேறு ஸ்டைல், மறுபடியும் 30 சதவீதம். நடுவில் கலர் மாறினால் ஓவர்லாக், ஃப்ளாட்லாக் என்ற தையல் மெஷின்களில் எல்லா நூலையும் மாற்ற வேண்டும். வங்கதேசத்தின் பெரிய தொழிற்சாலைகளைப் போல ஒரே ஸ்டைலில் லட்சம் பீஸ் தைக்கும் லைன் முதல் வாரத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் உச்சத்திலேயே ஓடும். திருப்பூரில் திறன் 50-லிருந்து 65-க்கு ஏறினால் 20 ரூபாய்க் கூலிச் செலவு 15.40 ஆகிறது. கூலி வித்தியாசத்தில் பாதிக்கு மேல், யாருடைய சம்பளத்தையும் தொடாமலே ஈடாகிறது. ஸ்டைல் ஏறும் முன் ஒரு நாள் முன்னதாகவே ஃபோல்டர், கைடு (துணியை மடித்து நேராகச் செலுத்தும் மெஷின் துணைக்கருவிகள்), நூல், சாம்பிள் பீஸ் எல்லாம் லைனில் இருந்தால் முதல் நாளின் 30 சதவீதம் உயரும். பெரும்பாலும் நேரம் போவது காலர் ரிப் (கழுத்துப் பட்டைத் துணி) வராமல், அல்லது ஷேடு (நிறச் சாயல்) பொருந்தாமல் காத்திருப்பதில்தான்.

சாயச் செலவும் உண்டு. 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற முறையில்தான் மீண்டும் ஓடுகின்றன. ஆவியாக்கிக் கொதிகலனுக்கு எரிபொருள், கழிவுநீரை வடிகட்டும் சவ்வை மாற்றுதல், உப்புக் கழிவைச் சேமித்தல் எல்லாம் சாயக் கூலியில் ஏறுகிறது. கிலோவுக்கு 20 ரூபாய் கூடினால் பீஸுக்கு 4 ரூபாய். நொய்யல் ஆற்றுக்காக நாம் கொடுக்கும் விலை இது, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வாங்குகிறவரின் சுற்றுச்சூழல் அறிக்கையில் பெயர் வாங்கித் தரும் இந்தச் செலவை அவர் விலையில் ஏற்பதில்லை என்பதையும் எழுத வேண்டும்.

வட்டியில் நிலைமை நமக்குச் சாதகம். வங்கதேச மத்திய வங்கி 2024 அக்டோபரில் கொள்கை வட்டியை 10 சதவீதமாக்கியது. கடன் வட்டி அதற்கு மேல். 180 ரூபாய்ச் செலவு 120 நாள் முடங்கினால், இங்கே 10 சதவீதம் என்று வைத்தால் 5.90 ரூபாய், அங்கே 13 சதவீதம் என்று வைத்தால் 7.70. பருத்தியும் அங்கே விளைவதில்லை என்றே சொல்லலாம். வருமான வரியோ அவர்களுக்குச் சாதகம்: ஆடை ஏற்றுமதிக்கு 12 சதவீதம், பசுமைத் தொழிற்சாலைக்கு 10. இங்கே குறைந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கே 25.17. வரிக்கு முந்தைய லாபம் 10 ரூபாய் என்றால் அவர் கையில் 8.80, நம் கையில் 7.50. நம் கணக்கில் டிராபேக்கும் (ஏற்றுமதிக்குப் பிறகு அரசு திருப்பித் தரும் சுங்க வரி) மற்ற வரித் திருப்பமும் வருமானமாக நிற்கும். அவர்கள் பாண்டட் கிடங்கு (ஏற்றுமதிக்கான மூலப்பொருளை வரி கட்டாமல் இறக்கி வைக்கும் கிடங்கு) முறையில் முதலிலேயே வரி கட்டுவதில்லை. அதனால் இரண்டு லாப சதவீதங்களை அப்படியே பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு தப்பிவிடும்.

2025 ஜூலை 24-இல் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம் இந்திய ஆடைக்கு வரியைப் பூஜ்யமாக்குகிறது. வங்கதேசம் குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேற 2026 நவம்பர் 24 குறிக்கப்பட்டிருக்கிறது; ஒத்திவைக்கும்படி அங்குள்ள தொழிலமைப்புகள் கேட்கின்றன. வெளியேறினாலும் ஐரோப்பாவில் சலுகை மேலும் 3 ஆண்டு நீடிக்கும். பிறகு துணியும் உள்நாட்டில் தயாராக வேண்டும் என்ற விதி வந்தால், சட்டை, பேன்ட் தைப்பவர்கள் திணறுவார்கள். பின்னலாடையில் அப்படி நடக்காது. நூற்பும் நிட்டிங்கும் அங்கேயே பெரும்பகுதி நடக்கிறது. நமக்கு நேர் போட்டியான பனியன் துறைதான் அந்த விதியால் குறைவாகப் பாதிக்கப்படும்.

ஆகவே இரு நாட்டு லாபத்தை ஒப்பிட்டுச் செய்தி வெளியிடும்போது ஆர்டர் எத்தனை பீஸ், எந்தச் சந்தைக்கு, அங்கே வரி எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடும்படி தங்கள் வணிகப் பகுதியைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பின்னலாடை காஸ்டிங் பிரிவில் பணிபுரியும் வாசகர்,
திருப்பூர்